கல்லூரி மாறிவிட்டது, தறி ஓட்டியவர்? தாராவி கவனிக்க வேண்டிய மில் கதை

மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போயிருந்தால் வி.ஜே.டி.ஐ. கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். 1887-ல் தொடங்கி, 1923-ல் மாட்டுங்காவுக்கு வந்தது. பம்பாய் மில்களுக்குத் தேவையான தொழில்நுட்ப ஆட்களை உருவாக்கிய இடம்.

1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் பல மில்கள் திறக்கவே இல்லை. கல்லூரி தப்பித்தது, டெக்ஸ்டைலோடு கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ் என்று பாடங்களைச் சேர்த்துக்கொண்டது. தறி ஓட்டியவர்களில் பலருக்கு அப்படி ஒரு வாய்ப்பே வரவில்லை. வாட்ச்மேன் வேலை, தெருவோர வியாபாரம் என்று போனார்கள்.

இப்போது தாராவிக்கு வாங்க. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வேரூன்ற வைத்த தொழில் தோல். இன்று பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகளில் பெரும்பாலும் பீஸ் ரேட். இந்தத் தொழிலில் டிசைன் கம்ப்யூட்டருக்கும், வெட்டுவது லேசருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. கற்றுக்கொள்ளலாமே என்றால், ஐ.டி.ஐ. படிப்பு முழுநேரம், ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். ஒருநாள் உட்கார்ந்தால் ஒருநாள் கூலி போச்சு. வாடகை யார் கட்டுவது?

2015-ல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அது பழைய திறமைக்கான அங்கீகாரம். புது மெஷினைப் பழக அதில் வழி குறைவு.

தமிழ்நாடு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோட்டிக்ஸ், நவீன உற்பத்தி மையங்களாக மாற்றியது. பத்தாவது முடித்த பையனுக்கு அது பெரிய விஷயம். நாற்பது வயது கட்டிங் மாஸ்டருக்கு அல்ல. அவருக்கு வேண்டியது பட்டறைக்குப் பக்கத்திலேயே மாலை வகுப்பு, பொதுவில் பயன்படுத்த ஒரு மெஷின், இழந்த கூலிக்கு ஈடு. என் கணக்கில் கடைசியாகச் சொன்னதுதான் முதலில் வேண்டும்.

இளையவர்களுக்கு இன்னொரு கதவு அப்ரண்டிஸ் சட்டம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். உதவித்தொகையும் தர வேண்டும். 4 முதல் 29 பேர் வரை என்றால் விருப்பம். அதனால் தாராவியின் சின்னப் பட்டறைகளில் பெரும்பாலானவற்றை இந்தக் கட்டாயம் தொடாது.

செம்பூரிலிருந்து நீங்கள் தினமும் போகிற ஆபீஸைத் தொடும். எத்தனை அப்ரண்டிஸ் இருக்கிறார்கள் என்று உங்க ஹெச்.ஆரிடம் நாளைக்கே கேட்டுப் பாருங்களேன்.