காவல் காக்கும் செல்லே மூளை இணைப்பை வெட்டுகிறதா? அல்சைமர் ஆய்வு சொல்வது என்ன?

மறதி வந்தாலே 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். மூளைக்குள் நடக்கும் அழற்சிக்கும் அல்சைமரில் பங்கு உண்டு என்கிறது பாஸ்டன் நகர விஞ்ஞானி பெத் ஸ்டீவன்ஸின் ஆய்வு.

மைக்ரோக்ளியா என்றால் என்ன?

மூளையின் காவலாளி செல்கள். கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்குவதுதான் வேலை. மூளை வளரும்போது, தேவையில்லாத நரம்பு இணைப்புகளையும் இவை நீக்கும். எதை நீக்கணும்? 'காம்ப்ளிமென்ட்' புரதங்கள்தான் அடையாளம் வைக்கின்றன. ஸ்டீவன்ஸ் இடம்பெற்ற குழு 2007-ல் இந்தப் புரதங்களின் பங்கைக் கண்டறிந்தது.

சிக்கல் எங்கே?

வளர்ந்த பிறகும் இந்த வேலை மறுபடி தொடங்கினால், நல்ல இணைப்பும் போய்விடும். அல்சைமர் ஆய்வுக்கான எலிகளில், அமிலாய்டு படிவுகள் சேரும் முன்பே இணைப்புகள் குறைந்ததை 2016-ல் அவரது குழு காட்டியது. சி1கியூ புரதத்தைத் தடுத்ததும் இழப்பு குறைந்தது.

அப்போ அழற்சிக்கான வலி மாத்திரை போட்டால் போதுமா?

போதாது. நாப்ராக்சென், செலிகாக்சிப் மாத்திரைகளை அமெரிக்காவில் இதற்காகவே சோதித்தார்கள். அல்சைமரைத் தடுக்கும் பலன் தெரியவில்லை. இதய பாதிப்பு அச்சத்தால் 2004-ல் மாத்திரை கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

காவலாளியை மொத்தமாக முடக்கினால் கிருமியைத் தடுக்க ஆளில்லை. தவறாக விழும் அடையாளத்தை மட்டும் தடுக்கணும். மருந்து தேடுவோருக்கு அதுதான் சவால். அதுவரை, மறதிக்காக நாமே கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து.