மரத்துக்கு உண்டு ஓய்வு

போன வருஷம் நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கூட்டம். முடிந்ததும் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றோம். நான் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்ததை ஒரு தம்பி பார்த்துவிட்டார். என்னாச்சு அக்கா என்றார். முடக்குவாதம், ருமட்டாய்டு, ஏழு வருஷமாச்சு என்றேன். தம்பியின் முகம் ஒரு நொடி வாடியது, பிறகு பிரகாசமாகிவிட்டது. "அக்கா, ஓவியர் ரெனுவாருக்கும் இதே நோய்தான். விரல் எல்லாம் மடங்கின பிறகும் கையில தூரிகையைக் கட்டிக்கிட்டு வரைஞ்சார். வலிதான் கலைஞனை உருவாக்குது. நீங்க இதை எழுதணும்."

எழுதுகிறேன் தம்பி. நீங்கள் கேட்ட மாதிரி வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பால்வெட்டுக்காரி. நாஞ்சில் நாடு என்றதும் பலருக்கும் வயலும் குளமும் தாமரையும்தான் நினைவுக்கு வரும். அது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். நான் இருப்பது மலையோரம், குலசேகரம் பக்கம். இங்கே கண்ணுக்கு எட்டின தூரம் வரை ரப்பர்தான். தபால் வழியில் எம்.ஏ. தமிழ் படித்தேன். அந்தச் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது. சோறு போட்டது வெட்டுக்கத்தி.

ரப்பர் பால் வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் நன்றாக ஓடும். வெயில் பட்டு இலை நீரை வெளியே விடத் தொடங்கினால் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் சுண்டிவிடும். அதனால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்று மணி, நான்கு மணிக்கே தோட்டத்தில் இறங்குவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாள் கணக்கு ஏறத்தாழ 300 மரம். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு சீவல். கனம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும், பிறகு அந்த இடத்தில் வெட்டு ஒழுங்காக ஓடாது. ஆக இந்த வேலையின் திறமை முழுக்க மணிக்கட்டிலும் விரல் மூட்டிலும்தான் இருக்கிறது. இருட்டில் கண்ணைவிட விரலுக்குத்தான் பட்டையின் ஆழம் தெரியும்.

2018-ல் ஒரு நாள் விடியற்காலம் கத்திப்பிடி என் கைக்குள் அடங்கவில்லை. விரல்களுக்கு நடுவே யாரோ பஞ்சு வைத்துக் கட்டின மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்குச் சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படித்தான். மாமி சொன்னார்: "வாதமாக்கும் மக்களே. எண்ணெ போட்டுத் தடவினா மாறும்." தடவினோம். யாரோ சொல்லி ஒரு பொடியும் தின்றேன். எட்டு மாதம் போயிற்று. எங்கள் ஊரில் வாதம் என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கும். வயதான காலத்தில் முட்டி தேய்வதும் வாதம், காய்ச்சலுக்குப் பிறகு வரும் மூட்டு வலியும் வாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டைத் தாக்கித் தின்பதும் வாதம். இந்தக் கடைசி வகைக்குத்தான் முதல் சில மாதங்கள் உயிர்நாடி. அதற்குள் மருந்து தொடங்கினால் மூட்டு அரிக்கப்படாமல் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதை எட்டு மாத எண்ணெய்க்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்த நோய்க்கு ஒரு கடிகாரம் உண்டு. இரவின் பின்பகுதியில்தான் அழற்சியைக் கூட்டும் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. அதனால்தான் காலையில் விறைப்பு, வெயில் ஏற ஏறத் தளர்வு. ரப்பர் மரத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு, மேலே சொன்னேன். இரண்டும் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன. மரம் தாராளமாகப் பால் தரும் நேரம்தான் என் கை கல்லாகக் கிடக்கும் நேரம். எனக்குப் பத்து மணிக்கு நல்ல கை இருக்கிறது. பத்து மணிக் கைக்கு இங்கே கூலி இல்லை.

இனி ரெனுவாருக்கு வருவோம். தம்பி சொன்னதற்குப் பிறகு தேடிப் படித்தேன். மனிதர் பட்ட வேதனை பொய்யில்லை. 1919-ல் சாகும் வரை வரைந்தார் என்பதும் உண்மை. ஆனால் கையில் சுற்றியிருந்தது தூரிகையைக் கட்டும் துணி இல்லையாம். மடங்கிப்போன விரல்கள் உள்ளங்கைத் தோலைப் புண்ணாக்காமல் இருக்கச் சுற்றிய துணியாம். தூரிகையை விரலிடுக்கில் எடுத்து வைக்க வீட்டில் ஆள் இருந்தது. நாற்காலியில் உட்கார வைக்க ஆள் இருந்தது. தெற்கு பிரான்சில், வெதுவெதுப்பான ஊரில், ஒலிவ மரங்களுக்கு நடுவே வீடு இருந்தது. 1913-லிருந்து சிற்பங்கள் செய்தபோது ரிச்சர்ட் கினோ என்ற இளம் சிற்பியின் கைகளே களிமண்ணைத் தொட்டன. பெயர் ரெனுவாருக்குப் போயிற்று. கினோவும் இணைப் படைப்பாளிதான் என்று பிரெஞ்சு நீதிமன்றம் ஏற்பதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

நான் ரெனுவாரைக் குறை சொல்லவில்லை. அவர் கதையிலிருந்து வீட்டையும் வேலையாட்களையும் கினோவின் கைகளையும் கத்தரித்து எடுத்துவிட்டு, மனவுறுதியை மட்டும் என்னிடம் நீட்டுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். ரெனுவார் எட்டு மணிக்கு எழுந்து வரைந்தாலும் ஓவியம் ஓவியம்தான். மெதுவாக வரைந்தால் எண்ணெய் வண்ணம் கோபித்துக்கொள்ளாது. நான் எட்டு மணிக்கு வெட்டினால் சிரட்டை நிறையாது. எங்கள் இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான். வேலையின் ஏற்பாடுதான் வேறு. கையை நோய் கெடுக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வேலையைப் பறிப்பது நோய் இல்லை, வேலையின் ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நான் வெட்டிய தோட்டங்களில் ஒன்றின் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறரை மணிக்கு வெட்டட்டுமா என்று. "பாலு கொறையுமே. ஒனக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். நான் என்ன செய்யட்டு மக்களே?" என்றார். கெட்ட மனிதர் என்று அவரை எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அவருக்கு மொத்தமே ஒன்றரை ஏக்கர். 2011-ல் கிலோவுக்கு 200 ரூபாய்க்கு மேல் விற்ற ஷீட் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்ததைத் தாங்கிக்கொண்டு நிற்பவர். அவரால் என் நோயைச் சுமக்க முடியாது. அவர் தலையில் அதைக் கட்டவும் நான் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு மேலே பால் வியாபாரி, வியாபாரிக்கு மேலே டயர் கம்பெனி என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறதே, அதில் ஒருவருக்குமா என் விரல் கணக்கில் வராது?

மரம் கணக்கில் வருகிறது. ரப்பர் மரத்துக்குப் பட்டை மரப்பு என்று ஒரு நோய் உண்டு. அதிகமாக வெட்டினால், அடிக்கடி வெட்டினால், பட்டையில் பால் வருவது நின்று மரத்துப்போய்விடும். அதற்கு என்ன வைத்தியம் தெரியுமா? ஓய்வு. கத்தியை எடு, மரத்தைச் சும்மா விடு. இதைச் சொல்லித்தர அதிகாரிகள் இருக்கிறார்கள், துண்டுப் பிரசுரம் இருக்கிறது, கோட்டயத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நோய் வராமல் இருக்கவும் முறை வகுத்திருக்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. மழைக்கு ஓய்வு. தை, மாசியில் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது ஓய்வு. மரத்துக்குக் கிடைக்கும் அந்த ஓய்வு நாட்களில் எனக்குக் கூலி கிடையாது. நானும் ஓய்வெடுக்க மாட்டேன், வேறு வேலைக்கு அலைவேன். மரம் மரத்தால் மருந்து ஓய்வு. வெட்டுகிறவளின் கை மரத்தால் மருந்து தன்னம்பிக்கை!

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் முடக்குவாதத்துக்குப் பெயர் சொல்லி இடம் இல்லை. மூட்டு உருக்குலைந்த பிறகு இயக்கக் குறைபாடு என்ற வாசல் வழியாக உள்ளே போகலாம். இடஒதுக்கீடு போன்ற முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. என் நோயோ ஒரு வாரம் அடங்கும், ஒரு வாரம் ஆடும். காலை நான்கு மணிக்கு என் கைக்கு என்ன சதவீதம் என்று அளக்க எந்த அலுவலகமும் திறந்திருப்பதில்லை. பதினோரு மணிக்குப் போய் நின்றால் விரலை மடக்கு, நீட்டு என்பார்கள். மடக்கி நீட்டிவிடுவேன். இதில் இன்னொரு கொடுமை உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு மூட்டைக் காப்பாற்றிக்கொண்டவளுக்குச் சதவீதம் குறையும். கை கெடாமல் இருக்க உதவி கேட்டால், கை முதலில் கெட்டுவிட்டு வரட்டும் என்று பதில் வரும்.

அதே சட்டம், வேலை செய்யும்போது குறைபாடு வந்த அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது, வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அதற்கு முதலில் அரசு ஊழியராக இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கென்று 1951-ல் எழுதிய சட்டமும் 5 ஹெக்டேர் நிலம், 15 ஆள் என்று எல்லை போட்டது. ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் தனி ஆளாக வெட்டுகிறவள் அந்த வேலிக்கு வெளியே நின்றாள். இங்கே மலையோரம் முழுக்க அப்படிப்பட்ட துண்டுத் தோட்டங்கள்தான் நிறைய.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது மருந்தே இல்லாத நோய் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரே நாள் நான் சாப்பிடும் மாத்திரை மெத்தோட்ரெக்சேட். விலை மலிவு. ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த யெல்லப்பிரகத சுப்பாராவின் ஆய்வுக் குழுவிலிருந்து வந்த மருந்துக் குடும்பம் அது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டு, பல பத்தாண்டு கழித்து மூட்டு நோய்க்கு அடிப்படை மருந்தானது. தப்பித் தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வாரக் கணக்குத் தவறாமல், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிட்டால் நிறையப் பேருக்குக் கேட்கிறது. எனக்கும் கேட்டது. வீக்கம் இறங்கிவிட்டது. பேனா பிடிக்கிறேன். அந்த எட்டு மாதத்தில் அரிக்கப்பட்ட இரண்டு மூட்டுகள் மட்டும் திரும்பவில்லை, காலை விறைப்பும் முழுசாகப் போகவில்லை. வைத்தியம் தன் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டது. மீதியைச் செய்ய வேண்டியவர்கள்தான் எனக்கு ரெனுவார் கதையை அனுப்பிவைக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் உண்டு. வாரத்துக்கு ஒரு வெட்டு என்ற முறையை ரப்பர் வாரியமே பரிந்துரைத்திருக்கிறது. பட்டையில் ஊக்கி மருந்து தடவிவிட்டால் குறைந்த வெட்டிலேயே விளைச்சலைப் பெருமளவு காக்கலாம். பேட்டரியில் ஓடும் வெட்டுக்கத்தி விற்பனைக்கு வந்துவிட்டது. எல்லாம் வெட்டுக்கு ஆள் கிடைக்காத கஷ்டத்துக்காக யோசித்தவை. இருக்கிற ஆளின் கைக்காகவும் இதை யோசிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டட வேலைக்கு 1996-ல் ஒரு சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்குப் போகிறது. ஒரு கட்டடம் எழும்பும்போது கொத்தனாருக்கு எடுத்து வைக்க முடியும் என்றால் ஒரு டயர் விற்கும்போது பால்வெட்டுகாரருக்கு ஏன் எடுத்து வைக்க முடியாது? நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்குத்தான் போகிறது. அந்தப் பணத்தில் நோய்க்கால கூலி கொடுங்கள், தோட்டம் எத்தனை ஏக்கர் என்று பார்க்காமல். கை விறைக்கிறது என்று வருகிறவளுக்கு முதல் மாதத்திலேயே பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். இரண்டும் நடந்திருந்தால் இன்றைக்கும் நான் 300 மரம் வெட்டிக்கொண்டிருப்பேன், இந்தக் கட்டுரையும் உங்களுக்குக் கிடைத்திருக்காது. அந்த நஷ்டத்தை இலக்கியம் தாங்கிக்கொள்ளும்.

இப்போது எப்படிப் பிழைக்கிறேன் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் இருக்கிறார். விடியற்காலம் அவர் வெட்டுகிறார். எட்டு மணிக்கு மேல் நான் போய்ச் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிச் சேர்க்கிறேன், ஒட்டுப்பாலை உரித்து எடுக்கிறேன். முன்பு இரண்டையும் அவரே செய்தார், முழுக் கூலியும் அவருக்கு. இப்போது அதில் ஒரு பங்கு எனக்கு. நான் கேட்கவில்லை. "வா பிள்ளே, ஒத்தையில செய்ய எனக்கும் மடுத்தாச்சு" என்று அவரே கூப்பிட்டார். மடுக்கவில்லை, எனக்குத் தெரியும்.

என் நிலைக்குத் தக்க வேலையை மாற்றிக் கொடுப்பதைச் சட்டம் நியாயமான ஏற்பாடு என்கிறது. எனக்கு அது கிடைத்துவிட்டது. அதற்கான செலவை அரசு ஏற்கவில்லை, வாரியம் ஏற்கவில்லை, டயர் கம்பெனி ஏற்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முட்டி வலியோடு இருட்டில் நடக்கும் ஒரு பெண், தன் கூலியிலிருந்து ஏற்றுக்கொண்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் அந்தப் பங்கை வாங்கக் கை நீட்டும்போது எனக்கு வருவது கலை இல்லை தம்பி, கூச்சம்.

அக்காவின் வலது பெருவிரல் கொஞ்ச நாளாகக் காலையில் மடங்கவில்லையாம். போன வாரம்தான் சொன்னார். எண்ணெய் போடலாமா என்று கேட்டார். எண்ணெய் வேண்டாம், வரும் திங்கள்கிழமை பஸ் ஏறுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவருக்கும் கூலி கிடையாது, எனக்கும் கிடையாது.