பிளேக் விட்டுப்போன காய்ச்சல்

கோவை சிங்காநல்லூரை அடுத்த இருகூரில், காமாட்சிபுரி ஆதீனம் 2021 மே மாதம் 'கொரோனா தேவி'க்குச் சிலை வைத்தது. வெளியூர்ப் பத்திரிகைகள் அதை விந்தையாக எழுதின. கோவைக்காரர்களுக்கு அதில் புதுமை ஏதுமில்லை. 1896-ல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் அடுத்த சில ஆண்டுகளில் இங்கேயும் வந்து வீடு வீடாக ஆட்களை வாரிக்கொண்டு போனது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நகரில் இருக்கின்றன. எலியோ கொசுவோ தண்ணீரோ கொண்டுவருவதுதான் காய்ச்சல் என்பது நமக்கு அப்படி ஊறிப்போன எண்ணம்.

எந்தக் கிருமியும் இல்லாமல் உடம்பே தனக்குள் தீ மூட்டிக்கொள்ளும் காய்ச்சல்களும் உண்டு. துருக்கியர், அர்மீனியர், யூதர், அரேபியர் நடுவே பரவலாக இருக்கும் மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சலில், வயிற்றுவலியோடும் மூட்டுவலியோடும் ஓரிரு நாள் காய்ந்து, தானே தணிந்து, சில வாரம் கழித்து மறுபடி வரும். அதற்குக் காரணமான மரபணுவை 1997-ல் கண்டுபிடித்தார்கள். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: பிளேக் கிருமி நம் எதிர்ப்புசக்தியை முடக்கப் பார்க்கும்போது, அந்த மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அதற்கு மசிவதில்லை. பழைய கொள்ளைநோய்களில் பிழைத்தவர்களின் வாரிசுகளுக்கு அந்தத் தற்காப்பே நோயாக வந்து சேர்ந்திருக்கலாம். நமக்கோ பிளேக் கோயிலை விட்டுப்போனது.

அந்தக் குடும்பக் காய்ச்சலுக்கான மருந்து நம் வயலில் விளைகிறது. கால்ச்சிசின் இதைத் தடுக்கும் என்று 1972-ல் தெரியவந்தது. வேளை தவறாமல் சாப்பிட்டால், இந்த நோயில் கெடக்கூடிய சிறுநீரகமும் தப்பும். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு எனும் செங்காந்தளைப் போடுவது கால்ச்சிசின் எடுக்கும் அதன் விதைக்காகத்தான். செங்காந்தள் பூவில் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு ஒதுங்கிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். அதனால் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். விலை ஏறினால் கொண்டாட்டம், இறங்கினால் விதையை இருப்பு வைத்துக் காத்திருப்பார்கள். அது எந்த நாட்டில் யாருடைய காய்ச்சலை நிறுத்துகிறது என்ற பேச்சு எங்கும் எழுவதில்லை.

மரபணு நோய் என்றால் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும் என்று டாக்டர்களில் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சலே சிலருக்கு 30, 40 வயதில்தான் தொடங்கும். 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்த வெக்ஸாஸ் என்ற நோய் இன்னும் விசித்திரம். யூபிஏ1 என்ற மரபணுவின் பிழை பிறக்கும்போது இருப்பதில்லை. வயதான பின் எலும்பு மஜ்ஜையில் தோன்றுகிறது. பெரும்பாலும் 50 தாண்டிய ஆண்களுக்குத்தான் வரும், பிள்ளைகளுக்குப் போகாது. முதல் கட்டுரையில் 25 பேர், அத்தனை பேரும் ஆண்கள்.

மில்லில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு வெக்ஸாஸ் வந்தால் என்ன ஆகும்? காது வீங்கிச் சிவக்கும், தோலில் தடிப்பு, மூச்சு வாங்கும், ரத்தச்சோகை. காது-மூக்கு டாக்டர், தோல் டாக்டர், நுரையீரல் டாக்டர், ரத்த நோய் டாக்டர் என்று ஆளுக்கொரு சீட்டு. பாதியில் யாராவது டிபி மாத்திரையும் தொடங்கிவிடுவார்கள். டிபி இத்தனை இருக்கும் நாட்டில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நாலு சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஆள்தான் வேண்டும். அதற்கு ஏற்ற இடம் இங்கேயே இருக்கிறது. தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ திட்டம் தமிழ்நாட்டில் 1955-ல் கோவையில்தான் தொடங்கியது. அதில் தொழிலாளியோடு மனைவி மக்களும், அவரை நம்பியிருக்கும் பெற்றோரும் ஒரே காப்பீட்டு எண்ணின் கீழ் வருகிறார்கள். குடும்பக் காய்ச்சலைத் தேட இதைவிட வசதி ஏது? மாமன் மகளைக் கட்டும் பழக்கம் விடாததால் பரம்பரை நோய் குடும்பத்துக்குள்ளேயே சுற்றக்கூடிய ஊரில், "உங்கப்பாவுக்கும் இப்படி விட்டு விட்டுக் காய்ச்சல் வருமுங்களா, கிட்னி எப்படிங்க போச்சு?" என்று கேட்டு ஒரு வரி எழுதிவைக்கக் காசு ஆகாது. வெக்ஸாஸுக்கு அந்தக் கேள்வி உதவாது. அங்கே ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும், அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும்.