எழுவாய் எங்கே, சார்?

அதிராம்பட்டினம் டீக்கடையில் காவிரி பற்றிப் பேச்சு வந்தால், இதைச் சொல்ல ஒருத்தர் நிச்சயம் இருப்பார்: “எழுபத்து நாலுல ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. புதுப்பிக்காம விட்டுட்டாங்க. அதான் தண்ணி வரல.” அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாகக் கடைசியில் எட்டிப்பார்க்கிற கடைமடை அது. எட்டிப்பார்க்காத வருஷங்களும் உண்டு. அந்தக் கால்வாயே 1924 ஒப்பந்தத்தால் வந்ததுதான். அவருக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்த மேடைப் பேச்சாளர்கள்தான் என் கோபத்துக்கு உரியவர்கள்.

அவர்கள் ஒப்பந்தத்தைப் படித்தார்களா? 10-வது பிரிவு, 11-வது உட்பிரிவு. மூச்சு முட்டும் நீளத்துக்கு ஒரே வாக்கியம், வக்கீல் இங்கிலீஷ். மைசூர் அரசும் மெட்ராஸ் அரசும் ‘ஒப்புக்கொள்கின்றன’ என்று ஆரம்பிக்கிறது. அந்த வினைக்கு எழுவாய், அதாவது சப்ஜெக்ட், இரண்டு அரசுகள். சிக்கல் இல்லை. அடுத்த வினை ‘மறுபரிசீலனைக்கு உரியவை’. எவை? அதற்கு ஒட்டி முன்னால் நிற்பது, ‘இந்த ஆவணம் கையெழுத்தாகி ஐம்பது ஆண்டு முடிந்ததும்’. அவசரக்காரர் கண்ணில் ஆவணமும் ஐம்பதும்தான் படும். ஆஹா, ஒப்பந்தமே காலி!

இங்கிலீஷில் எழுவாய் வினைக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கும் என்று யார் சொன்னது? ‘எப்போது’ என்பதைச் சொல்லும் துண்டை அடித்துவிட்டு இன்னும் பின்னால் போங்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறது: ‘4 முதல் 8 வரையிலான உட்பிரிவுகளில் உள்ள வரம்புகளும் ஏற்பாடுகளும்’. மைசூர் 1,10,000 ஏக்கர், மெட்ராஸ் 3,01,000 ஏக்கர் என்று பாசனத்தை விரிவாக்கிக்கொள்ளும் கணக்கெல்லாம் அதில் அடக்கம். கண்ணம்பாடி அணையிலிருந்து விதிப்படி தண்ணீர் விடவேண்டும் என்பது இருப்பதோ 2-வது உட்பிரிவில். பட்டியலிலேயே இல்லை!

2018-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் 1974-லேயே முடிந்தது என்றுதானே சொன்னது என்பீர்கள். சொன்னது. எனக்கு அந்த வாக்கியம் அப்படிப் படவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். இன்றைய கணக்கு பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. ஆனால், ‘கருணாநிதி புதுப்பிக்கத் தவறினார்’ என்று அ.தி.மு.க. மேடைகளில் கேட்டோமே, அந்தப் ‘புதுப்பிக்க வேண்டும்’ எங்கே இருக்கிறது? அந்த உட்பிரிவை மேலும் கீழும் துழாவிப் பாருங்கள். எழுவாயை விடுங்கள், அப்படியொரு வினையே கிடையாது.

கருணாநிதியைக் கேட்க நியாயமான கேள்வி வேறு இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் 1971-ல் போட்ட காவிரி வழக்கை 1972-ல் வாபஸ் வாங்கியது யார்? இதற்கு எழுவாய் தேட இலக்கணம் வேண்டாம்.