மூச்சுத் திணறும் 'பாபி'

1973 செப்டம்பரில் ராஜ் கபூரின் 'பாபி' வெளியானபோது, நாயகன் ரிஷி கபூருக்கும் நாயகி டிம்பிள் கபாடியாவுக்கும் விழுந்த கைதட்டலில் ஒரு பங்கு மூன்றாவது ஆசாமி ஒருவருக்கும் போனது. வீட்டை எதிர்த்துக்கொண்டு ஓடும் காதலர்கள் ஏறிச் சென்ற குட்டி மோட்டார் சைக்கிள்தான் அந்த ஆசாமி. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் ராஜ்தூத் ஜிடிஎஸ் 175. ஜனங்கள் வைத்த பெயர் 'பாபி'. நிலைத்தது ஜனங்கள் வைத்ததுதான்.

குட்டி மோட்டார் சைக்கிள் என்பது ஜப்பானில் விளையாட்டாகப் பிறந்த சங்கதி. 1961-இல் ஒரு கேளிக்கைப் பூங்காவில் சிறுவர்கள் ஓட்டுவதற்காக ஹோண்டா 49 சிசியில் செய்த வண்டிதான் பின்னர் 'மங்க்கி' என்ற பெயரில் உலகம் சுற்றியது. நம்மூர் பாபி அத்தனை விளையாட்டுப் பிள்ளை அல்ல. சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட், உயர்ந்த ஹேண்டில்பார். ஆனால் உள்ளே இருந்தது, வட இந்தியப் பால்காரர்கள் இருபுறமும் கேன்களைக் கட்டி ஓட்டிய ராஜ்தூத் 175-இன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதன் மூலம் போலந்து நாட்டு எஸ்எச்எல்.

படத்துக்கு 50 வயது தாண்டிவிட்டது. வண்டிக்கும்தான். கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த பாபிகளைத் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, நிக்கல் பூசி வைத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று நாடு முழுக்க இருக்கிறது. அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "ஸ்டார்ட் ஆகிறது சார். ஆனால் நிற்காமல் ஓட மாட்டேன் என்கிறது."

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்து, இப்போது ஜாதவ்பூரில் குடியிருக்கும் தமிழ் நண்பர் ஒருவருக்கும் இதே வழக்கு. அவருடைய பாபி காலையில் முதல் உதையிலேயே உயிர் பெறும். ஆறேழு நிமிடம் சமர்த்தாக ஓடும். பிறகு தொண்டை அடைத்தாற்போல் இருமி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து உதைத்தால் எதுவுமே நடக்காதது போல மறுபடி ஓடும். நண்பர் பிளக்கை நான்கு தடவை மாற்றிவிட்டார். காயில் புதிது. கார்புரேட்டர் இரண்டாவது. மல்லிக் பஜாரின் பழைய உதிரி பாகக் கடைகளுக்கு அவர் கொடுத்த பணத்தில் இன்னொரு வண்டியில் பாதியாவது வாங்கியிருக்கலாம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பழுது பார்ப்பது என்றால் பாகம் மாற்றுவது என்று நாம் எல்லோருமே நினைக்கத் தொடங்கி வெகு நாளாகிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினிடம் அது பலிக்காது. அதற்கு வால்வு இல்லை, கேம் இல்லை. அசையும் பாகங்களே சொற்பம். ஆகவே நோய்களும் சொற்பம். ஆனால் எல்லா நோய்க்கும் அறிகுறி ஒன்றுபோல இருக்கும். மருந்தை மாற்றிக்கொண்டே போகாமல் நாடி பார்க்க வேண்டும்.

நாடி பார்க்கத் தெரிந்த ஒரு வயதான மிஸ்திரி கடைசியில் கிடைத்தார். ஜாதவ்பூரில் அப்படி ஒருவர் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. 1906-இன் சுதேசிக் கொந்தளிப்பில், வெள்ளைக்கார அரசின் தயவில்லாமல் தொழிற்கல்வி தர வேண்டும் என்று எழுந்த இயக்கம்தான், 1955-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வடிவெடுத்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள் முளைத்தன: பெங்கால் லாம்ப், சுலேகா மை, சற்றுத் தள்ளி உஷா மின்விசிறி. பெங்கால் லாம்ப் மூடப்பட்டது. உஷா இருந்த நிலத்தில் இன்று 'சவுத் சிட்டி' என்ற பெரிய வணிக வளாகம் நிற்கிறது. சுலேகா மட்டும் மூடிக் கிடந்து மறுபடி கண் விழித்தது. மிஸ்திரியின் தகப்பனார் அந்த மின்விசிறித் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர்.

மிஸ்திரி ஸ்பானரைத் தொடவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். "டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது சீக்கிரம் நிற்கிறதா, பாதி இருக்கும்போதா?" நண்பர் யோசித்து, நிரப்பிய நாட்களில்தான் சீக்கிரம் நிற்கிறது என்றார். "நிற்கப்போகும் நேரத்தில் சோக்கை இழுத்தால்?" கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும் என்றார். அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை.

மிஸ்திரி வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஏழாவது நிமிடம் அது இருமத் தொடங்கியதும் எழுந்து டாங்க் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். எஞ்சின் தெளிந்து ஓடியது. பளபளவென்று நிக்கல் பூசிய மூடியில், காற்று போவதற்கான குண்டூசித் துளை பூச்சில் அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டாங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று குறைவு. சிறிது பெட்ரோல் இறங்கியதுமே வெற்றிடம் வந்துவிடும். பாதி டாங்க் என்றால் அதற்கு நேரமாகும். நிறுத்தி வைத்தால் மூடியின் இடுக்குகளில் காற்று மெல்லக் கசிந்து, வண்டி மறுபடி ஓடும். அழகுபடுத்தியவர்கள் அதன் மூச்சை அடைத்துவிட்டார்கள்.

துளையைக் குத்தித் திறந்த பிறகு வண்டி நிற்கவில்லை. ஆனாலும் மிஸ்திரிக்குத் திருப்தி இல்லை. ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கியது. பிளக்கின் முனை வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் பிளக் வெளுக்கும். பெட்ரோலோ ஆயிலோ மிகுந்தால் கறுத்து நனையும். காப்பிப் பொடி நிறம் என்றால் ஆரோக்கியம். ஆக, வேறு எங்கிருந்தோ காற்று நுழைகிறது.

இதற்கு டூ-ஸ்ட்ரோக்கின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிஸ்டன் மேலே போகும்போது, அதன் அடியில் கிராங்க் சுழலும் அறைக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை இழுக்கப்படுகிறது. கீழே வரும்போது அதே அறையில் கலவை அழுத்தப்பட்டு, மேலே சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. அந்த அறை ஒரு பம்ப். கிராங்க் வெளியே வரும் இரு பக்கமும் ரப்பர் ஆயில் சீல்கள்தான் அதன் காவல். ரப்பருக்கு 50 வயது ஆனால் கருவாடுதான். மேக்னெட் பக்கத்துச் சீல் இறுகிப்போனால் காற்று நுழைந்து கலவை வறண்டுவிடும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். கியர் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி, தெருவே மறையும்படி புகை கக்கும். இரண்டுக்கும் கார்புரேட்டர்மேல் பழி போடுவதுதான் வழக்கம். கண்டுபிடிக்கப் பெரிய சாதனம் வேண்டாம். எஞ்சினின் வாய்களை அடைத்து, சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டுக்கு மேல் போகாமல் மெதுவாகக் காற்றடித்து, சந்தேகமான இடங்களில் சோப்பு நுரை தடவினால் போதும். நண்பரின் வண்டியில் மேக்னெட்டுக்குப் பின்னால் நுரை குமிழியிட்டது. சீல் மாற்றிய செலவு, அவர் வாங்கிய இரண்டாவது கார்புரேட்டரின் விலையில் ஒரு சிறு பகுதி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய வண்டி இருந்தால், அது பாபியோ லூனாவோ டிவிஎஸ் 50-யோ, ஒரு விதியை மனதில் வையுங்கள். வண்டி நின்ற அந்தக் கணத்தில்தான் நோய் தெரியும். மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் சூடு ஆறிவிடும், அறிகுறியும் போய்விடும். ஆகவே நின்றவுடன் பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பை எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து, உதைத்துப் பாருங்கள். பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், ஆகவே சற்றுத் தள்ளி வைத்தே பார்க்க வேண்டும். நீலப் பொறி தெறித்தால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் சரி. பெட்ரோல் பக்கம் போங்கள். பொறி மங்கலாக இருந்தாலோ, இல்லாவிட்டாலோ, சூட்டில் செயலிழக்கும் கண்டென்சரையும் காயிலையும் சந்தேகியுங்கள். கண்டென்சர் கெட்டிருந்தால் பாயிண்ட் முனைகளில் வெளிச்சமாகப் பொறி பறந்து, அவை கறுத்துக் குழி விழுந்திருக்கும்.

பெட்ரோல் பக்கம் என்றால் வரிசையாக டாங்க் மூடி, காக், ஃபில்டர், ஃப்ளோட், ஜெட். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டால், தடையில்லாமல் இறங்குகிறதா என்று கண்ணாலேயே தெரியும். இவை எல்லாம் சரியாக இருந்தும் வண்டி வேகம் பிடிக்காமல் திணறினால் சைலன்சரைப் பாருங்கள். ஆயில் கரி படிந்து அடைத்த சைலன்சர், நல்ல எஞ்சினையும் முடக்கிவிடும்.

இந்த வண்டிகளுக்கு இப்போது புதிதாக ஒரு சோதனை. 2022-இல் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்தார்கள். 2025-இல் அது 20 சதவீதத்தை எட்டியது. கரும்பு விவசாயிக்கும் அன்னியச் செலாவணிக்கும் அது நல்லதாக இருக்கலாம். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. கல்கத்தாவின் மழைக்காலக் காற்றில் இரண்டு மாதம் நின்ற வண்டியில், நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கக்கூடும். காக் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் அதில் ஊறி இளகும். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டில் கலவை வறண்டுபோகும். பரிகாரம் எளிது. நிறுத்துமுன் காக்கை மூடி, ஃப்ளோட் அறை காலியாகும்வரை ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால் டாங்கை வடித்துவிடுங்கள். ரப்பர் பாகங்களை எத்தனால் தாங்குகிறவையாக மாற்றுங்கள். பிளக் வெளுத்தே இருந்தால் ஒரு எண் பெரிய ஜெட் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே போகும் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியேறக்கூடும். இந்தக் காரணத்தால்தான் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-இல் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களை விலக்க உத்தரவிட்டது. 2009 ஆகஸ்டுக்குள் ஜாதவ்பூர் 8பி நிறுத்தத்திலும் அந்தப் பழைய ஆட்டோக்களுக்குக் காலம் முடிந்தது. எரிவாயு ஆட்டோக்கள் வந்தன. வண்டியே பிழைப்பாக இருந்த டிரைவர் கடன் வாங்கி மாற்றிக்கொண்டார். ஆசைக்காக வைத்திருப்பவருக்கு அதைவிடக் கடமை குறைவாக இருக்க முடியாது.

2021-இல் மத்திய அரசு 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு ரூ.20,000 கட்டணம். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் வரலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. முதல் பாபிகள் அந்த வயதைத் தொட்டுவிட்டன. சட்டம் கொடுத்திருப்பது கொஞ்ச நேரச் சாலைதான். அந்தக் கொஞ்ச நேரமாவது பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்தாதபடி வண்டி ஓட வேண்டும். அதற்குப் புதுக் கார்புரேட்டரைவிட முதலில் வேண்டியது, ஏழு நிமிடம் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஏன் நிற்கிறது என்று கேட்கிற காது.