எந்த ஊர்?

சென்ற திங்கள் இப்பகுதியில் மாதுங்கா அங்காடிக்கு வரும் வாழையிலையைப் பற்றி எழுதினோம். இத்திங்கள் எழுதப் புகுவது, இலையில் சோறு காத்திருக்க நம் பிள்ளைகள் தேடி ஓடுகின்ற ஒரு பண்டத்தைப் பற்றி. அது நூடுல்ஸ்.

தாராவி 90 அடிச் சாலையில் விளக்கேற்றும் வேளையில் கூடும் வண்டிக்கடைகளை அன்பர்கள் அறிவர். “ஹக்கா நூடுல்ஸ்” என்று பலகையில் எழுதியிருக்கும். சில திங்களுக்கு முன் அத்தகைய கடையொன்றில், சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த இளைஞரை நம் மகன், “ஏ சீனா!” என்று கூவி அழைத்தான். சுற்றி நின்றோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம்.

பின்னர் கோடை விடுமுறையில், ரயில்வே பாஸில் குடும்பத்துடன் ஹௌரா மெயிலேறிக் கொல்கத்தா சென்றோம். அந்நகரின் கிழக்கே டாங்ரா என்னும் பகுதி உள்ளது. ஹக்கா என்னும் சீன வமிசத்தார் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வாழ்ந்த இடம் அது. அங்கே ஆடம்பரமற்ற சிறு கடையொன்றில் அமர்ந்தோம். மேசைமீது காடியில் ஊறிய பச்சை மிளகாய் இருந்தது. தட்டில் வந்த நூடுல்ஸில் சிவப்பு நிறமுமில்லை, நாவை எரிக்கும் காரமுமில்லை. உப்பு, சோயாச் சாறு, வெங்காயத்தாள், சிறிது முட்டை, அவ்வளவே.

“இது சைனீஸே அன்று” என்று மகன் முகம் சுளித்தான். கடைக்கார அம்மையார் கோபிக்கவில்லை. “இது எங்கள் வீட்டுச் சமையல்” என்று இந்தியில் கூறிச் சிரித்தார்.

மகன் தேடிய சுவை நம்மவர் நாவுக்காக ஆக்கப்பட்டது. சிக்கன் மஞ்சூரியன்கூட 1975-இல், கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பார் நம் பம்பாயில் ஆக்கியதென்றே கூறுவர். சீன உணவும் ஒன்றன்று. கொல்கத்தாச் சீனருள் காண்டன் வழியினர் தச்சர். ஹூபே வழியினர் பல் கட்டுவோர். ஹக்கா மக்கள் தோலும் செருப்பும் செய்தோர். மொழியும் சமையலும் வேறுவேறு. ஆயினும் ஊரார்க்கு அனைவரும் “சீனாக்காரர்”. திருநெல்வேலியும் பாலக்காடும் உடுப்பியும் இங்கே “மதராசி” என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டன அன்றோ?

ஹக்கா என்னும் சொல்லுக்கே “விருந்தினர் குடி” என்று பொருள். சீனத்தின் வடபுறத்திலிருந்து தெற்கே பெயர்ந்து சென்றவர்க்கு, முன்னரே அங்கிருந்தோர் இட்ட பெயர் அது. அவர்கள் டாங்ராவில் செய்த தொழிலையே நம் முன்னோர் பலரும் தாராவியில் செய்தனர்.

விருந்தினர்க்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1962-இல் சீனப் போர் மூண்டபோது, இந்நாட்டிலேயே பிறந்தோர் உட்படச் சீன வமிசத்தார் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். முகமே குற்றமாயிற்று. 1960-களின் இறுதியில் பம்பாயில் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டதை நினைவிற்கொண்ட மூத்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் கொல்கத்தாத் தோற்கூடங்களை நகருக்கு வெளியே மாற்ற ஆணையிட்டது. பல குடும்பங்கள் கனடா சென்றன. தங்கியவருள் பலர்க்குச் சமையலறையே பிழைப்பாயிற்று.

திரும்பும் வழியில் ரயிலில் இவற்றையெல்லாம் மகனுக்குச் சொன்னோம். “அன்று நீங்களும் சிரித்தீர்களே, அப்பா?” என்று கேட்டான். மறுமொழி கூற நம்மிடம் ஒன்றுமில்லை.

ஊர் வந்த மறுநாள் இருவரும் அவ்வண்டிக்கடைக்குச் சென்றோம். மகன் அவ்விளைஞரை அண்ணன் முறை வைத்து அழைத்து, எந்த ஊர் என்று கேட்டான். அவர் நேபாளத்தவர்; சீனத்தைக் கண்டதேயில்லை. மூன்றாண்டாக இங்கே அடுப்பருகில் நிற்கிறாராம். ஊரைக் கேட்டவர் நாமே முதல்வராம்.

புதியவரைக் கண்டால் “எந்த ஊர்?” என்று முதலில் வினவுவது நம்மவர் வழக்கம். ரயில் பெட்டியிலும் கோவில் வாசலிலும் தவறாமல் கேட்கிறோம். நம் பிள்ளைகட்குச் சமைத்துக் கொடுப்பவரிடம் மட்டும் கேட்க மறந்தோம். அன்பர்களும் அடுத்தமுறை கேட்டுப் பாருங்கள்.