அம்மா ஏறக்கூடிய ஜீப்



இந்த மாதம் சமையலும் இல்லை, சுகாதாரமும் இல்லை. வாகனம். "எங்களுக்கு எங்கே வாகனம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுச் சகோதரத்தின் காசிலோ, சீட்டுக் காசிலோ, லீசிங்கிலோ நம்மில் பலர் வாகனம் எடுக்கத் தொடங்கிவிட்டோம். எடுத்த பிறகு அழுகிறவர்களையும் எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை அழுதவள்தான்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தோழி தையல் வேலை செய்கிறாள். தைத்த சட்டைகளை வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பவள். ஒருநாள் தொலைபேசியில், "அக்கா, தம்பி கனடாவிலயிருந்து காசு அனுப்புறன் எண்டு சொல்றான். ஒரு ஜீப் எடுக்கச் சொல்றான். நீங்கள்தானே கனகாலமாக் கார் ஓடுறனீங்கள், வந்து பாத்துச் சொல்லுங்கோவன்" என்றாள். கொஞ்சம் உயரமாக நிற்கும் எதையும் நமது ஆட்கள் ஜீப் என்றுதான் சொல்வார்கள். விளம்பரத்தில் எஸ்.யூ.வி. என்று போடுவார்கள்.

"கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள்ள உனக்கென்னத்துக்கு ஜீப்? சின்னக் கார் காணாதோ?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு அக்கா" என்றாள்.

கேட்டபிறகுதான் என் மண்டைக்கு எட்டியது. அவளுடைய அம்மா 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஒரு காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். பொய்க்காலோடு நடப்பார். பதிந்த காரில் ஏறுவதென்றால் குனிந்து, மடிந்து, உள்ளே விழ வேண்டும். இறங்குவது அதைவிடக் கஷ்டம். முச்சக்கர வண்டியில் ஏறிவிடலாம். ஆனால் காலி வீதியின் நெரிசலில் குலுங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வந்தால் வெட்டிய இடம் புண்ணாகிவிடும். பஜேரோ, பிராடோ போன்ற பெரியவையும் சரிவராது. அவற்றில் படி வைத்து ஏற வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது நின்றபடியே பின்புறத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு காலை எடுத்து உள்ளே வைக்கக்கூடிய உயரம். அதனால்தான் நடுத்தர அளவு.

தோழி தையல் நாடாவை எடுத்தாள். கட்டிலின் மேல் மெத்தையும் பலகையும் அடுக்கி, அம்மாவை இருத்தி எழுப்பிப் பார்த்தாள். தரையிலிருந்து 27 அங்குலம் வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த வாகனத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் நாடாதான் வெளியே வரும். விற்க வந்தவர்கள் எஞ்சினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இவள் சீற்றை அளந்துகொண்டிருப்பாள். ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. யார் ஏறப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாகனம் பார்க்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

விலை நிலைவரத்தையும் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோது, பாவித்ததென்றால் 3 வருடத்துக்கு மேற்படக்கூடாது என்ற விதியும் பெரிய வரிகளும் கூடவே வந்தன. ஆகவே நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டுவது இங்கேயே 15, 20 வருடம் ஓடிய வாகனம்தான். அந்த வயதில் பெயரைப் பார்த்து வாங்க முடியாது. "ஜப்பான் சாமான், பழுதே வராது" என்பார்கள். ஜப்பான்காரன் நன்றாகத்தான் செய்தான். பிறகு வைத்திருந்தவர் ஒயில் மாற்றினாரா என்பதுதான் கேள்வி.

முதலில் பார்த்தது வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம் நின்ற ஹொண்டா வெசல். ஹைபிரிட். பார்க்கப் புதிது போலிருந்தது. நான் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து அடியைப் பார்த்தேன். கடற்காற்றில் வருடக்கணக்காக நின்ற வாகனத்தின் அடித்தட்டும் கதவுகளின் கீழ் விளிம்பும் உப்பில் தின்னப்பட்டிருக்கும். மேலே பெயின்ற் பளபளக்கும். இதுவும் அப்படித்தான். இந்த வெசல் ஹைபிரிட்டின் கியர்பெட்டி இரண்டு கிளச் கொண்டது. 2014 இல் ஜப்பானில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இதைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தார்கள். நெடுஞ்சாலையில் சுகமாக ஓடும். பம்பலப்பிட்டிச் சந்தியில் அங்குலம் அங்குலமாக ஊரும்போது சூடேறும். ஹைபிரிட் பற்றரியும் வயதாகிவிட்டால் பெரிய செலவு. எரிபொருள் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில் மேலதிகக் காசு இல்லாதவள் மிச்சத்தை நம்பிப் பெரிய செலவுக்குள் காலை வைக்கக்கூடாது. அளவும் நாடாவுக்குச் சரிவரவில்லை.

எரிபொருள் கணக்கை நாங்கள் கொப்பியில் போட்டுப் பார்த்தோம். அவளுக்கு மாதம் சுமார் 500 கிலோமீற்றர் ஓட்டம். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் போகும் வாகனத்துக்கு 62 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே, 12 போகும் வாகனத்துக்கு 42 லீற்றருக்குச் சற்றுக் குறைய. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 6000 ரூபாவைத் தாண்டும். 2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதையும் மறக்காமல் கணக்குப் போடுங்கள். நாலு சில்லும் இழுக்கும் வசதி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் மலையில்லை.

இரண்டாவது வாகனத்தில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது. பெரியப்பாவின் மகன் ஒரு நிசான் எக்ஸ்-ட்ரெயில் கொண்டுவந்தான். வெளி விலையைவிட மூன்று இலட்சம் குறைவு. உயரம் சரி, அம்மாவும் ஏறி இருந்து பார்த்துவிட்டார். பத்திரத்தைக் கேட்டேன். "ஓப்பன் பேப்பர் அன்ரி, பிறகு மாத்தலாம்" என்றான். தோழியருக்கு விளக்கமாகச் சொல்கிறேன். ஓப்பன் பேப்பர் என்றால், பதிவிலுள்ள உரிமையாளர் கையெழுத்து வைத்துவிடுவார், வாங்குபவரின் பெயர் வெறுமையாக இருக்கும். அந்தக் கடதாசி நாலைந்து கை மாறி உங்களிடம் வரும். அதுவரை வாகனம் சட்டப்படி யாரோ ஒருவருடையது. பதிவுச் சான்றிதழில் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயரும் இருந்தது. அந்தக் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லை. யாரோ கட்டாத தவணைக்கு, நீங்கள் கோவிலுக்குப் போன நேரத்தில் வாகனத்தை இழுத்துக்கொண்டு போவார்கள்.

"அப்ப என்ர பேரில எழுதுவம். ஆம்பிளையின்ர பேரில இருந்தால் பிரச்சினையில்லை" என்றான் பெரியப்பாவின் மகன். கனடாத் தம்பியும் தொலைபேசியில் அதையே சொன்னான். தோழி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் பேரில்லாமல் இருந்த காலம் காணும்" என்றாள்.

அவள் 2007 இல் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தவள். ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அந்த பஸ் ஒன்றில் அவளும் இருந்தாள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. எங்கே போகிறது என்று தெரியாத பஸ்ஸில் இருந்தவளுக்கு, வாகனம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. எனக்கும் ஓரளவு தெரியும். 2008 இல் மைத்துனரின் பெயரிலிருந்த காரை ஓட்டிக்கொண்டு போய், ஒரு சோதனைச் சாவடியில் "கார் யாருடையது" என்ற கேள்விக்கு இரண்டு மணித்தியாலம் பதில் சொன்னவள் நான். 2022 இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். வந்தபோது என் அயலவர் ஒருவர் இதே காரணத்தால் அலைந்தார். பழைய உரிமையாளர் அந்த வாகனத்தைத் தன் பெயரில் பதிந்துவிட்டிருந்தார்.

எக்ஸ்-ட்ரெயில் திரும்பிப் போனது. பெரியப்பா வீட்டார் ஒரு மாதம் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறார்கள்.

என் அழுகையையும் சொல்லிவிடுகிறேன். 2017 இல் ஒரு கார் வாங்கினேன். உள்ளே நல்ல வாசனை. விற்றவர் மரியாதையானவர், தேத்தண்ணீரும் தந்தார். எட்டு மாதத்தில் லைற் ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. கண்ணாடி இறங்கினால் ஏறாது. கராஜில் தரைவிரிப்பைக் கழற்றியபோது அடியில் மாவைப் போல மெல்லிய சேறு. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் மூழ்கிய வாகனம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அவை கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வராமல் இருக்குமா? ஆகவே சீற் பெல்ற்றை முடிவு வரைக்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள், சுருளுக்குள் இருப்பதில் சேற்றுக் கோடு நிற்கும். மேலதிக ரயர் வைக்கும் குழியைத் திறந்து மணந்து பாருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தாலே எனக்கு இப்போது சந்தேகம்தான்.

எஞ்சினைக் காலையில், குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகுமுன் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்; போனதும் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள். பின்னால் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. ஒயில் மூடியின் உட்புறம் பால்தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தாலும் அதே வருத்தம். ஏ.சி. போட்டபடி இருபது நிமிடம் ஓரிடத்தில் நிற்கவிட்டு வெப்பமுள்ளைக் கவனியுங்கள். மீற்றரில் 80,000 என்று காட்டும், பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மீற்றரைத் திருப்பலாம், ரப்பரைத் திருப்ப முடியாது. இவை எல்லாவற்றையும் நீங்களே பார்த்த பிறகும், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காசு கொடுத்துக் காட்டுங்கள். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் விற்பவருடைய மெக்கானிக்.

யாழ்ப்பாணத்தில் தடைக்காலத்தில் கார்புரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 காரையும் மொறிஸ் மைனரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "அதுதான் எஞ்சின்" என்று என் ஐயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் காலத்து எஞ்சினில் அந்த விளையாட்டு நடக்காது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று இன்றைக்கும் சரி: திருத்தக்கூடியதை வாங்கு. பஞ்சிகாவத்தையில் சாமான் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவதாகக் கிடைத்தது முகத்துவாரத்தில் ஓய்வுபெற்ற ஒருவரின் 2005 ஆம் ஆண்டு ஹொண்டா சீ.ஆர்.வி. 2000 சீ.சீ. பெற்றோல். இதற்கு முந்தைய சீ.ஆர்.வி.யில் குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய ரைமிங் பெல்ற் இருந்தது, இதில் சங்கிலி. ஒயில் மாற்றிய பில்கள் ஒரு பிஸ்கற் ரின் நிறைய இருந்தன. பதிவுச் சான்றிதழில் அவர் பெயர், அடியில் பதித்த செசி இலக்கமும் அதே இலக்கம், கடன் இல்லை. சீற் நாடாவில் 27.

இருந்தும் அன்றைக்கே கையெழுத்து வைக்கவில்லை. காரணம் எயார்பேக். டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனம் செய்த எயார்பேக்குகளில் அமோனியம் நைத்திரேற்று இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் வருடங்கள் போக அது கெட்டு, விபத்தின்போது உலோகக் குப்பியையே உடைத்துச் சிதற வைத்தது. காப்பாற்ற வைத்த பை, சன்னங்களை எறிந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி திருப்பி அழைக்கப்பட்டன, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 2017 இல் நிறுவனம் வங்குரோத்தானது. அந்தக் காலத்து சீ.ஆர்.வி., எக்ஸ்-ட்ரெயில், ராவ்4 வாகனங்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. கொழும்பின் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சன்னம் ஏறிய உடம்போடு இருக்கும் அம்மாவை அப்படியொரு பைக்கு முன்னால் இருத்த முடியுமா? செசி இலக்கத்தை முகவரிடம் கொடுத்து விசாரித்தோம். முன்னரே மாற்றப்பட்டிருந்தது. வாங்குமுன் இந்த ஒரு விசாரிப்பைத் தவறவிடாதீர்கள்.

நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நானும் கூடவே போனேன். கனடாத் தம்பி மனமில்லாமல்தான் சம்மதித்தான். பதிவுச் சான்றிதழில் தன் பெயர் வந்த நாளில் தோழி எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்தாள். ஓர் எழுத்து பிழைத்தாலும் பிறகு அலைச்சல் என்றாள்.

அம்மாவை முதலில் கூட்டிப்போனது கிளினிக்குக்கு. கதவைத் திறந்ததும் அவர் திரும்பி நின்று, இருந்து, பொய்க்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். "கதவைச் சாத்து பிள்ளை, குளிர் போகுது" என்றார்.

அடுத்த மாதம் லீசிங் ஒப்பந்தத்தில் எந்தெந்த வரிகளை வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் கையில் ஒப்பந்தம் இருந்தால், விளங்காத வரியைப் பிரதிபண்ணி அனுப்புங்கள்.